ஆவட்டும் டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சரிடம் எந்த வேலையைச் சொன்னாலும் "ஆவட்டும்" என்பார். தலைமையாசிரியை சொன்னாலும் ஆவட்டும், வாட்ச்மேன் சொன்னாலும் ஆவட்டும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஊசியை நீட்டி, நூல் கோத்துக் கொடுங்க மிஸ் என்று கேட்டாலும் அதே ஆவட்டும்தான். குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. கழுத்தில் அளவு நாடா, தோள்பட்டைப் புடவையில் குத்தி வைத்த ஊசி, முகத்தில் பாதிச் சிரிப்பு. பெண்கள் அவருக்கு ஆவட்டும் டீச்சர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது உங்களுக்குத் தெரியுமா என்று ஒருநாள் கேட்டேன். தெரியுமே என்றார். கோபம் வரவில்லையா என்றேன். வெச்சது வெச்சதாவே இருந்துட்டுப் போவட்டும் என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்கப் போய்விட்டார்.

நான் அப்போது அங்கே தமிழாசிரியை. மாகறலிலிருந்து தினமும் காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் வந்து போவேன். எனக்கு வாய் நீளம் என்று வீட்டிலேயே பெயர். காலையில் கண்டக்டரிடம் ஆரம்பித்தால் சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் யாரோடாவது முட்டிக்கொள்ளாமல் இருக்கமாட்டேன். அப்படிப்பட்டவளுக்கு, எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிற ஒருவரைப் பிடிக்குமா? பூம்பூம் மாடு என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஆண்டு விழா வரைக்கும் அந்த முடிவில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் தலைமையாசிரியைக்கு ஒரு யோசனை வந்தது. வரவேற்பு நடனம் ஆடுகிற பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஆட வேண்டும். மறுநாள் சாயங்காலம் விழா. என்னிடம் சொல்லியிருந்தால் நின்ற இடத்திலேயே ஒரு சண்டை நடந்திருக்கும். தையல் டீச்சர், ஆவட்டும் மேடம் என்று துணியை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் மேடையில் பெண்கள் ஜொலித்தார்கள். விருந்தினர் மைக்கிலேயே உடையைப் பாராட்டினார். நான் மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததால் எனக்குத் தெரிந்தது வேறு. எல்லாச் சட்டைக்கும் முன்பக்கம் மட்டும்தான் புதுத்துணி. முதுகில் பழைய யூனிஃபார்ம், ஓரத்தில் ஊக்கு. ஆட்டத்தில் ஒரு பெண்கூடத் திரும்பவில்லை. முடிந்ததும் கும்பிட்டபடியே பின்னால் நடந்து உள்ளே வந்தார்கள். அன்று காலையில் டான்ஸ் டீச்சரிடம் போய், சாமிக்கு முதுகு காட்டக் கூடாது, விருந்தாளிக்கும் அப்பிடித்தாம்மா என்று சொல்லி, திரும்புகிற அடிகளையெல்லாம் தையல் டீச்சர் நீக்க வைத்திருக்கிறார். புதுச்சட்டை கேட்டார்கள், கொடுத்துவிட்டார்.

அதன் பிறகுதான் நான் அந்த ஆவட்டுமைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். சொன்னதைச் செய்வார். சொன்னதை மட்டும் செய்வார். சொல்பவர் சொல்லாமல் விட்டது எதுவோ, அதையெல்லாம் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்வார். வீட்டிலும் இதே கதைதான். வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தபோது, தறிக் குழியில் உட்கார்ந்தபடியே என்னிடம் புலம்பினார். மகளுக்கு ப்ளஸ் டூ முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கச் சொன்னாராம். டீச்சரும் ஆவட்டும் என்றாராம். பார்த்தாராம், பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஜாதகங்கள் வருவதும் போவதுமாக இருந்ததில் மகள் நர்சிங் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டாள். பார்க்கலன்னு நான் சொல்ல முடியாதும்மா, பார்த்துக்கினுதான் இருந்தா என்று அவர் சொல்லும்போது, டீச்சர் உள்ளே எங்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். காலையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, இளைத்தே தீர்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலைந்தேன். அவரிடம் ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்து, இப்போதைய அளவு வேண்டாம், நல்லா இறுக்கிப் பிடிச்சிடுங்க டீச்சர், கருட சேவைக்குள்ள நான் பாதியாயிடுவேன் என்றேன். ஆவட்டும் என்றார். கருட சேவை அன்று அதைப் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் போனேன். கூட்டத்தில் நின்று, தேர் வீதி சுற்றி, அன்னதானத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டதும் மூச்சே விட முடியவில்லை. கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அக்குளுக்குக் கீழே ஒரு நூல் முனை நீட்டிக்கொண்டிருப்பது கையில் தட்டுப்பட்டது. இழுத்தேன். உள்தையல் முழுக்க ஒரே இழுப்பில் பிரிந்து, ஜாக்கெட் என் பழைய அளவுக்கு வந்துவிட்டது. மறுநாள் போய் நின்றபோது, இறுக்கத்தான சொன்ன, இறுக்கித்தான குடுத்தேன் என்றார். அதோடு அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, காலைல சாப்புடு கண்ணு என்றும் சொன்னார். அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சாப்பிடாமல் வருகிற பெண்களைப் பார்த்துவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. எங்கள் பள்ளியில் பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பெண்கள். பாவு போடுகிற நாளென்றால் வீடே தெருவில்தான் நிற்கும். தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளைப் பாவு என்பார்கள். வெயில் ஏறுவதற்குள் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைத்து, அறுந்த இழைகளை முடிந்தாக வேண்டும். அன்றைக்கு அடுப்பில் முதலில் ஏறுவது அந்தக் கஞ்சிதான். சோறு அதற்கப்புறம். பெண் ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வரும். இன்னும் சிலர் வீட்டில் இட்லி இருந்தாலும் தொடாமல் வருவார்கள், இடுப்பு ஊதிவிடும் என்ற பயத்தில். காலைப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருக்கும்போதே யாராவது ஒருத்தி தள்ளாடுவாள். தையல் டீச்சர் எப்போதும் வரிசைக்குப் பின்னால்தான் நிற்பார். விழுவதற்கு முன்னாலேயே போய்ப் பிடித்துவிடுவார். ஒருநாள் அப்படி ஒருத்தியைப் படுக்க வைத்து விசிறிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"நூலுக்குக் கஞ்சி ஊத்திட்டு பொண்ண வெறும் வயித்தோட அனுப்புறாங்கம்மா. எங்க வூட்லயும் அப்பிடித்தான். நானும் இப்பிடி வுழுந்து எழுந்தவதான்."

வகுப்பறையில் தின்பண்டம் கூடாது என்று தலைமையாசிரியை ஓர் உத்தரவு போட்டார். ஆவட்டும் என்றவர், தையல் வகுப்பிலிருந்த இரும்பு பீரோவை மறுநாளே வராந்தாவுக்கு நகர்த்திவிட்டார். அதில் பொத்தான் டப்பாக்கள் இருக்கும். ஒரு டப்பாவில் மட்டும் கடலை உருண்டை. முகம் வெளுத்து உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்து, போய்ப் பொத்தான் எடுத்துக்கினு வா என்பார். போன பெண் வாயைத் துடைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பி வரும். பொத்தான் எங்கே என்று அவரும் கேட்கமாட்டார்.

பள்ளி நூலகத்தையும் அவர் தலையில்தான் கட்டியிருந்தார்கள். எனக்கு அதில் துணைப் பொறுப்பு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஒருமுறை பெரிய பெட்டி நிறையப் புத்தகங்கள் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் வளரும் வயதுப் பிள்ளைகளுக்கான உடல்நலப் புத்தகங்கள். என்ன சாப்பிடுவது, ஏன் தூங்க வேண்டும், உடம்பு எதற்காக மாறுகிறது, மனசு கனத்துப்போனால் யாரிடம் சொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாடம். கெட்டித் தாள், வண்ணப் படம். நல்ல புத்தகங்கள்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு கேரட் கை கால் முளைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கும். எங்கள் பெண்கள் எடுத்து ஒரு புரட்டு புரட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். வீட்டுல அம்மா கத்துறதையே கலர்ல போட்டிருக்காங்க மிஸ் என்றாள் ஒருத்தி. தையல் டீச்சர் மத்தியான இடைவேளையில் தனியாக உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். பிரார்த்தனையில் விழுகிற பெண்ணுக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அத்தனையும் இதுல இருக்குது, ஒருத்தியும் தொட மாட்டேங்குறாளே என்று என்னிடம் ஆற்றாமையோடு சொல்வார். அவர் எதற்காகவும் அப்படி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

இதற்கிடையில் யாரோ ஒரு பெண் ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அதில் பெண் உடம்பின் உள்ளமைப்புப் படமும் மாதவிலக்கைப் பற்றிய பாடமும் இருந்தன. அப்பா அதை ஃபோனில் படமெடுத்துப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். பொழுது விடிந்ததும் தாளாளர் வந்துவிட்டார். தாளாளர் பரம்பரையாகப் பட்டுக்கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் இல்லை. பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தது அவர்தான். ஆனால் பேர் கெட்டுவிடும் என்று யாராவது காதில் ஓதிவிட்டால் போதும், ஆள் ஆடிப்போய்விடுவார்.

எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அறிவியல் பாடத்தில் இல்லாததா இதில் இருக்கிறது, படத்தைப் பார்த்துக் கெட்டுப்போவதற்கு இவர்கள் என்ன பச்சைக் குழந்தைகளா என்று அடுக்கிக்கொண்டே போனேன். நான் பேசப் பேச அவர் முகம் சிவந்தது. கடைசியில் பெட்டியைக் கட்டி வந்த இடத்துக்கே அனுப்பிவிடுங்கள், இந்தக் கட்டடத்துக்குள் ஒரு புத்தகம்கூட இருக்கக் கூடாது என்றார். அப்போதுதான் தையல் டீச்சர் வாயைத் திறந்தார்.

"அந்தப் பக்கத்த ஒட்டிட்டா போதுமா சார்?"

தாளாளர் கொஞ்சம் யோசித்தார்.

"ஒட்டிடுங்க. எவ்ளோ இழுத்தாலும் வரக் கூடாது."

"ஆவட்டும் சார்."

வெளியே வந்ததும் அவரைப் பிடித்து உலுக்காத குறைதான். இதற்குப் பெயர் பொறுமை இல்லை, கையாலாகாத்தனம் என்றே சொல்லிவிட்டேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பெட்டி போயிடிச்சின்னா ஒண்ணுமே இல்லம்மா, பெட்டி இருந்தா பார்த்துக்கலாம் என்றார். எனக்கு ஆறவில்லை. அந்த வாரம் முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் ஒரு தூக்கில் கஞ்சி கொண்டு வந்தார். வீட்டில் பாவுக்குக் காய்ச்சியதில் கொஞ்சம். நூலக மேஜையில் புத்தகங்களைப் பரப்பி, துணியைக் கஞ்சியில் தோய்த்து, தாளின் ஓரங்களில் பட்டும் படாமலும் தடவி, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுத்தார். ஆபீஸில் பசை டப்பா இருக்கிறதே என்று வாட்ச்மேன் கேட்டதற்கு, ஒட்டத்தாம்பா சொன்னாரு, எதால ஒட்டணும்னு சொல்லலியே என்றார். தாளாளர் வந்து பார்த்தார். நகத்தால் நெம்பினார், பிடித்து இழுத்தார். இரண்டு தாளும் ஒரே அட்டையாக விறைத்துக்கொண்டு நின்றன. அவருக்குத் திருப்தி.

அதற்கப்புறம் நூலகத்தில் கால் வைக்க இடமில்லை. ஒட்டின புக்கு இருக்குதா மிஸ் என்று கேட்டு வரிசையில் நின்றார்கள். ஒட்டிய புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு மத்தியானம் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு கும்பல் குந்தியிருந்தது. நடுவில் ஒருத்தி கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து பக்கத்தின் ஓரத்தில் வைத்திருந்தாள். கொஞ்சம் பொறுத்து எடுத்தாள். பக்கம் சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. என்னைக் கண்டதும் எல்லாரும் எழுந்து ஓடப் பார்த்தார்கள். கைக்குட்டைக்காரி மட்டும் பயப்படவில்லை. அவள் பெயர் மேகலா, ஒன்பதாம் வகுப்பு. பிரார்த்தனையில் அடிக்கடி விழுகிறவள்.

"இது பாவுக்குப் போடற கஞ்சி மிஸ். இழுத்தாதான் வராது. ஈரத்துணி வெச்சா தானா வுட்டுடும். காயறதுக்குள்ள அமுக்கி வெச்சிட்டா திரும்பவும் ஒட்டிக்கும்."

நெசவாளர் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. கஞ்சியில் விறைத்த இழையை ஈரக்கையால் தடவி இளக்குவதை அந்தப் பெண்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள். நெய்து மடித்த சேலையை மட்டுமே கையில் வாங்குகிற தாளாளருக்கு அது தெரியாது. மாகறல்காரி எனக்கும் தெரியாது. நேராக நூலகத்துக்குப் போனேன். டீச்சர் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சும்மா சிரிக்காத, சார் ரூம்ல இருக்காரு என்றார்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கொஞ்ச நாள் போனதும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் குற்றம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவ்வளவு கஷ்டப்பட்டுப் பிரித்தாளாம், உள்ளே பார்த்தால் முருங்கைக்கீரையாம். நான் போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். தாளாளர் சொன்ன பக்கம் மட்டுமில்லை. கீரை, கேழ்வரகு, இரத்தசோகை, தூக்கம், பட்டினி கிடந்து இளைப்பதால் வருகிற கேடு, மனசு கனத்துப்போனால் என்ன செய்வது, எல்லாமே ஒட்டியிருந்தது. சிரிக்கிற கேரட்டும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் யார் ஒட்டச் சொன்னது என்று கேட்டேன். ஒட்ட வேணாம்னும் யாரும் சொல்லலியே என்றார். பிறகு ஊசியைக் கீழே வைத்தார்.

"தொறந்து கெடந்தப்ப ஒருத்தியும் சீந்தலம்மா. ஒட்டினதுதான் போய்க்கினே இருக்குது. அவ்ளோ பாடுபட்டுப் பிரிச்சவ, உள்ள கீரையா இருந்தாலும் ஒருவாட்டி படிச்சிட்டுத்தான் மூடுவா."

படிக்கத்தான் செய்தார்கள். மத்தியானம் டப்பாக்களைத் திறக்கும்போது முருங்கைக்கீரை அடையும் கேழ்வரகுப் புட்டும் கண்ணில் பட ஆரம்பித்தன. பாவு போடுற நாள்ல நான் முன்னாடி சாப்பிட்டுட்டுத்தான் தெருவுக்கு வருவேன்னு சொல்லிட்டேன் மிஸ் என்றாள் ஒருத்தி, ஏதோ ராஜ்ஜியத்தைப் பிடித்த மாதிரி. எனக்கு சந்தோஷமாகவும் இருந்தது, கூடவே பயமும். தாளாளருக்குத் தெரிந்தால் பெட்டி மறுநாளே லாரி ஏறிவிடும். இவரோ ஒன்றும் நடக்காதது போல வாராவாரம் தூக்கில் கஞ்சி கொண்டு வருகிறார். இந்த மனுஷி என்னிடம் சொன்ன ஆவட்டும்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

ஒருநாள் சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு மேகலா நூலகத்துக்கு வந்தாள். நானும் டீச்சரும் மட்டும் இருந்தோம். புத்தகத்தை மேஜைமேல் வைத்து, ஈரம் காயாத பக்கத்தைத் திறந்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். மாதாமாதம் பல நாள் விடாமல் இரத்தம் போனால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயமில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அந்த வரியில் இருந்தது. டீச்சர் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நாளாவா என்று கேட்டார். தலையாட்டினாள். வீட்டில் கண்ணு பட்டிருக்கிறது என்று சுற்றிப்போட்டார்களாம். இப்படி விழுந்து விழுந்து எழுகிற பெண் படித்தது போதும், நிறுத்திவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறதாம். சொல்லிக்கொண்டே வந்தவள் குரல் உடைந்துவிட்டது.

"அம்மாகிட்ட நீங்க வந்து சொல்றீங்களா மிஸ்?"

"ஆவட்டும்மா."

அதே ஆவட்டும்தான். அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனார். அந்த அம்மாவிடம் என்ன பேசினார் என்று தெரியாது. மறுநாள் மூன்று பேரும் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தார்கள். உடம்பில் இரத்தமே இல்லை என்று சொல்லி மருந்து கொடுத்தார்களாம், மாதாமாதம் வந்து காட்டச் சொன்னார்களாம். அடுத்த வருஷம் மேகலா பிரார்த்தனைப் பாட்டு பாடுகிற வரிசையில் முன்னால் நின்றாள். டீச்சர் மட்டும் பழக்கதோஷத்தில் அவளுக்கு நேர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

தாளாளர் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பள்ளி அரை நாள்தான். நூலகத்தில் நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன், டீச்சர் கிழிந்த அட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை, கூட ஆளும் இல்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வாடிக் கிடந்தது. அவர் பேத்தி வேறு ஏதோ பெரிய பள்ளியில் படிக்கிற பெண், அவர் வீட்டில்தான் வளர்கிறாள். ஃபோனில் எதையோ பார்த்துவிட்டுச் சாப்பாட்டையே தொடுவதில்லையாம். தட்டில் போட்ட சோற்றை யாருக்கும் தெரியாமல் கொட்டிவிடுகிறாளாம். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்கிறதாம். திட்டியும் கெஞ்சியும் பார்த்தாகிவிட்டது என்றார்.

"அந்தப் பெட்டியில சாப்பாட்டப் பத்தி ஏதோ புக்கு இருந்துதேம்மா. ஒண்ணு குடுங்களேன்."

சாப்பாட்டுப் பக்கங்களை ஒட்டச் சொல்லி அவர் உத்தரவு போடவே இல்லை. டீச்சருக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் பார்க்காதது போல, ஆவட்டும் சார் என்று எழுந்து போய் எடுத்து வந்து கொடுத்தார். தாளாளர் புரட்டினார். ஒட்டியிருந்தது. அடுத்ததைப் புரட்டினார். அதுவும் ஒட்டியிருந்தது.

"இத நான் ஒட்டச் சொல்லலியே."

"இல்ல சார். நான்தான் ஒட்டினேன்."

நான் இடையில் புகுந்து ஏதாவது சொல்லலாம் என்று எழுந்தேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு எதையும் மறைக்காமல் சொன்னார். திறந்து கிடந்தபோது ஒரு பெண்ணும் படிக்கவில்லை என்றார். ஒட்டிய பிறகுதான் படிக்கிறார்கள், ஈரத்துணி வைத்துப் பிரிக்கிறார்கள், சார் ஒட்டச் சொன்ன பக்கத்தையும் அப்படித்தான் படிக்கிறார்கள் என்றார். பெட்டி இன்றோடு போச்சு என்று நினைத்தேன். மேகலா மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு அந்தப் பக்கம் வேண்டியிருக்கிறதோ என்று நினைத்தபோது ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. தாளாளர் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடிப் பிரிக்கிறாங்க?"

டீச்சர் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தார். தாளாளர் தோளில் கிடந்த துண்டின் முனையை நனைத்துத் தாளின் ஓரத்தில் வைத்தார். கடையில் ஒரே உதறலில் சேலையை விரித்துக் காட்டுகிற கை, ஈரம் ஊறுவதற்குள்ளேயே தாளைப் பிடித்து இழுத்தது. அவசரப்படாதீங்க சார், தானா வரும் என்றார் டீச்சர். வந்தது. கேரட் சிரித்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கத்தை அவர் விரல் வைத்து மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தார். படித்து முடித்ததும் அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே எதையும் ஒட்ட வேணாம்மா. எல்லாத்தையும் பிரிச்சே வெச்சிடுங்க."

நான் ஆவட்டும் வருவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"அது வேணாம் சார்."

வேண்டாம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. தாளாளரும் கேட்டிருக்கமாட்டார். நிமிர்ந்து பார்த்தார்.

"பிரிச்சி வெச்சா நாளையிலேர்ந்து யாரும் தொட மாட்டாங்க. உங்க பேத்திக்கும் ஒட்டியே குடுங்க சார். இந்தப் பக்கத்த மட்டும் பார்க்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, பக்கத்துல சொம்புத் தண்ணியும் ஒரு துணியும் வெச்சிட்டு வந்துடுங்க."

தாளாளர் ஆகட்டும்மா என்றார். பிரித்த பக்கத்தைத் திரும்ப ஒட்ட வேண்டுமே என்று டீச்சர் கஞ்சித் தூக்கையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். காஞ்சிபுரத்துப் பெரிய பட்டுக்கடைக்காரர், கக்கத்தில் கேரட் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, கையில் கஞ்சித் தூக்கு சிந்தாமல் படியிறங்கிப் போவதை நானும் டீச்சரும் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

டீச்சர் இப்போது ஓய்வு பெற்று மகளோடு வேலூரில் இருக்கிறார். நான் வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன். இங்கேயும் அதே மாதிரிப் புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள் தூங்குகின்றன. பார்க்கும்போதெல்லாம் அந்தத் தூக்குதான் ஞாபகம் வரும். தாளாளர் அதை எடுத்துப்போன அடுத்த திங்கட்கிழமை காலையில் கடை ஆள் ஒருவர் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. புத்தகம் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை, அந்த மாதமும் வரவில்லை. வருஷக் கடைசியில் புத்தகங்களைச் சரிபார்த்த தலைமையாசிரியை, ஒன்று குறைகிறதே, யாரிடம் இருக்கிறதோ கேட்டு வாங்கி வையுங்கள் என்றார். ஆவட்டும் மேடம் என்றார் தையல் டீச்சர். கடைசிவரைக்கும் கேட்கவே இல்லை.